செக் நாட்டில் வெளிநாட்டவராக அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்? மொழி தெரியாமல் சமாளிக்க முடியுமா?

ப்ருனோவில் வேலை கிடைத்திருக்கிறது, ஜனவரியில் மனைவி குழந்தையோடு வருகிறேன், செக் மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். நான் இதே ஊரில் ஏழாவது வருடமாக இருக்கிறேன். சொந்த ஊர் பாளையங்கோட்டை. பிழைப்பு என்னவென்று நீங்களே ஊகித்திருப்பீர்கள், மென்பொருள்தான்.

சமாளிக்கலாம். முதல் இரண்டு வருடம் ‘தோப்ரி தென்’ (வணக்கம்), ‘தியெகுயி’ (நன்றி) என்ற இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு ஓட்டியவன் நான். அலுவலகத்தில் எல்லாம் ஆங்கிலம். கடையில் கல்லாத் திரையில் தொகை தெரிந்துவிடும், கார்டைத் தட்டினால் போதும். டிராமிலும் அப்படித்தான், உள்ளே இருக்கும் கருவியில் வங்கி அட்டையைக் காட்டினால் டிக்கெட் எடுத்தாகிவிட்டது. ஒரு வாரம் முழுக்க வாயே திறக்காமல் இருந்துவிடலாம். சிக்கலே அதுதான். யாரும் உங்களைப் பேச வைக்க மாட்டார்கள். அந்த இரண்டு வருடமும் இந்த ஊர்க்காரர்களுக்கு என்னைப் பிடிக்கவில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ப்ருனோ இந்நாட்டின் இரண்டாவது பெரிய நகரம், சுமார் 4 லட்சம் பேர். தலைநகர் ப்ராகைப் போலச் சுற்றுலாக் கூட்டம் கிடையாது. அதனால் கடைக்காரர் உங்களிடம் ஆங்கிலத்தில் பேசியாக வேண்டிய அவசியமும் குறைவு. பள்ளியில் பட்டாணிச் செடி, மரபியல் என்று படித்தோமே, அந்த மெண்டல் பட்டாணி வளர்த்த மடம் இங்கேதான் இருக்கிறது. ஊர் பெயரில் ‘ப்’புக்கும் ‘ன’வுக்கும் நடுவில் உண்மையில் உயிரெழுத்தே இல்லை, ‘ர்’ மட்டும்தான். நாம் வாய்க்கு வசதியாக ஒரு உகரத்தைச் செருகிக்கொள்கிறோம். ‘ஸ்த்ர்ச் ப்ர்ஸ்த் ஸ்க்ர்ஸ் க்ர்க்’ என்று ஒரு முழு வாக்கியமே உண்டு. தொண்டைக்குள் விரலை விடு என்று அர்த்தம். உயிரே இல்லாமல் மெய்யை மட்டும் வைத்து ஒரு வாக்கியம்! நம் இலக்கண ஆசிரியர் கேட்டால் வகுப்பை விட்டே போய்விடுவார்.

அடுத்து, ‘நோ’. இதை நினைவில் வையுங்கள். பேச்சு வழக்கில் செக்காரர்கள் ‘நோ’ என்றால் ‘ஆமாம்’, ‘ம், சரி’ என்று பொருள். வீடு தேடிய நாட்களில் ஒரு வீட்டுக்காரரிடம் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தேன். அவர் நடுநடுவே ‘நோ, நோ, நோ’ என்றார். சரி, இதுவும் போச்சு என்று போனை வைத்துவிட்டேன். அரை மணி நேரம் கழித்து அவரே கூப்பிட்டு, ஏன் வைத்துவிட்டாய், எப்போது வீடு பார்க்க வருகிறாய் என்றார். அந்த வீட்டில்தான் இன்றும் இருக்கிறோம். ஆனால் அதற்கு முன்பு மூன்று பேர், வெளிநாட்டவருக்குத் தருவதில்லை என்று நேராகவே சொல்லியிருந்தார்கள். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், இங்கே வீடு தேடினால் காதில் விழக்கூடிய பதில்தான் அது. முன்பணமாக 3 மாத வாடகைக்கு மேல் கேட்கச் சட்டம் இடம் தரவில்லை, அதற்கு மேல் கேட்டால் வேறு வீடு பாருங்கள்.

இப்போது பெயர் விவகாரம். நம் தமிழர்களுக்கு வரும் தலைவலி இது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் அப்பா பெயர் இருக்கும். என் அப்பா பெயரை இங்கே சுப்பிரமணியன் என்று வைத்துக்கொள்வோம். செக் நாட்டில் நெருங்கிப் பழகாதவர்களைக் குடும்பப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ஆக, ஏழு வருடமாக நான் சுப்பிரமணியன்.

முதல் முறை காய்ச்சலோடு மருத்துவரிடம் போயிருந்தபோது நர்ஸ் கதவைத் திறந்து ‘பனெ சுப்ரமணியனெ!’ என்று கூப்பிட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊரில் கோயில் வாசலில் நின்று யாரோ ‘சுப்பிரமணியனே!’ என்று முருகனைக் கூப்பிட்டது போலவே இருந்தது. பிறகுதான் தெரிந்தது, செக்கில் 7 வேற்றுமைகள், அதில் ஐந்தாவது விளி வேற்றுமை. ‘பன்’ என்றால் திருவாளர், கூப்பிடும்போது அது ‘பனெ’ ஆகும். கூடவே வரும் பெயரும் கடைசியில் எகரம் வாங்கிக்கொள்ளும், சுப்பிரமணியனாகவே இருந்தாலும். நம் எட்டாம் வேற்றுமையேதான், நண்பன் ‘நண்பனே’ ஆவதைப் போல. அப்பாவிடம் போனில் சொன்னேன். “உடம்பு உனக்குத்தானடா சரியில்ல, எதுக்கு என்னையக் கூப்பிடுதாவ?” என்றார். ஆங்கிலம் வழியாக செக் படிக்கிறவர்களுக்கு வேற்றுமை என்பது பெரிய பூதம். நமக்கு அப்படியில்லை. ‘வீட்டுக்கு, வீட்டில், வீட்டை’ என்று பெயரின் வாலை மாற்றிப் பேசியே வளர்ந்தவர்கள் நாம். என்ன, இங்கே ஆண்பால் பெண்பால் பார்த்து வால் மாறும், மேசைக்குக்கூடப் பால் உண்டு, அதுதான் உயிரை வாங்கும்.

பெயரின் இன்னொரு கூத்து அஞ்சல் பெட்டியில். எங்கள் வீட்டில் எனக்கு என் அப்பா பெயர், மனைவிக்கு அவள் அப்பா பெயர், மகளுக்கு என் பெயர். மூவருக்கும் மூன்று குடும்பப் பெயர்கள். இங்கே பெட்டியின் மேல் பெயர் ஒட்டியிருந்தால்தான் கடிதம் ஒழுங்காக வந்து சேரும், கதவு எண்ணைப் பார்த்துப் போடும் வழக்கமில்லை. நான் என் பெயரை மட்டும் ஒட்டியிருந்தேன். மனைவிக்கு வந்த ஒரு முக்கியமான கடிதம் ‘இப்படி ஒருவர் இங்கே இல்லை’ என்று திரும்பிப் போய்விட்டது. மறுநாளே மூன்று பெயரையும் அச்சடித்து ஒட்டினேன். அடுத்த வாரம் குடியிருப்போர் சங்கச் செயலாளர் வந்து, ஒரே வீட்டில் மூன்று குடும்பமா, அப்படியானால் தண்ணீர்க் கட்டணத்தைக் கணக்குப் பார்க்க வேண்டுமே என்றார். அவருக்குத் தமிழர் பெயரிடும் முறையை என் அரைகுறை செக்கில் விளக்கியதுதான் நான் இந்த மொழியில் ஆற்றிய முதல் சொற்பொழிவு.

இனி பழக்கவழக்கம். செக்காரர்கள் சிரிக்க மாட்டார்கள், முகம் கொடுக்க மாட்டார்கள் என்பது இங்கே வரும் நம்மவர்கள் எல்லாரும் வைக்கும் குற்றச்சாட்டு. பாதி உண்மை. ஆனால் லிஃப்டில் ஏறினால் முன்பின் தெரியாதவருக்கும் ‘தோப்ரி தென்’ சொல்கிறார்கள், இறங்கும்போது ‘நஸ்க்லெதனொ’ என்று விடைபெறுகிறார்கள். மருத்துவரின் காத்திருப்பு அறைக்குள் ஒருவர் நுழைந்தால் அறை முழுவதற்கும் பொதுவாக வணக்கம் சொல்வார், உட்கார்ந்திருக்கும் ஆறு பேரும் முணுமுணுவென்று பதில் சொல்வார்கள். அப்புறம் ஒரு மணி நேரம் ஒருவரும் ஒருவரையும் பார்க்க மாட்டார்கள். நான் இரண்டு வருடம் நேராக உள்ளே போய்ப் பேசாமல் உட்கார்ந்து, எல்லாரையும் பார்த்து அன்பாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். அவர்கள் கண்ணில் யார் மரியாதை தெரியாதவன் என்று யோசித்துப் பாருங்கள்.

செருப்பு விஷயத்தில் நாமும் அவர்களும் ஒரே ஊர். வீட்டு வாசலிலேயே கழற்றிவிட வேண்டும், விருந்தாளிக்கு வீட்டுச் செருப்பு எடுத்து வைப்பார்கள். மழலையர் பள்ளிக்கும் குழந்தைக்கு ‘பச்கோரி’ என்ற உள்செருப்பு வாங்கிக் கொடுத்தாக வேண்டும். உங்கள் குழந்தைக்கு 5 வயது முடிந்திருந்தால் தொடக்கப் பள்ளிக்கு முந்தைய ஒரு வருடம் இங்கே கட்டாயம். மதியம் தூங்க வைப்பார்கள், குளிரிலும் வெளியே கூட்டிப் போவார்கள். மனைவி முதல் குளிர்காலம் முழுக்க இதை நினைத்தே புலம்பினாள். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, சளி பிடித்தது எங்களுக்குத்தான்.

செக்கில் ‘ர்’ரும் ‘ஷ்’ஷும் ஒன்றாக உரசுவது போல ஓர் எழுத்து உண்டு. ழகரம் வரும் நாக்குக்கு இது வராதா என்ற திமிர் எனக்கு இருந்தது. வரவில்லை. செக் குழந்தைகளையே இந்த எழுத்துக்காகப் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப் போகிறார்கள் என்று கேள்விப்பட்ட பிறகு மனம் ஆறியது. என் மகள் அதை அநாயாசமாகச் சொல்கிறாள். நான் கடையில் பேசும்போது கூட வர வெட்கப்படுகிறாள்.

சாப்பாடு. மதியம் 11 மணியிலிருந்தே உணவகங்களில் மதிய மெனு ஓடும், சூப்பும் ஒரு முக்கிய உணவும். சைவம் என்றால் வறுத்த பாலாடைக்கட்டிதான் மறுபடி மறுபடி வரும், மூன்றாவது வாரத்தில் வெறுத்துவிடும். ஒரு நாள் ‘ஒவோட்ஸ்னே க்னெட்லீகி’ என்று வாசித்து, மாவு உருண்டைதானே என்று வாங்கினேன். உள்ளே பிளம் பழம் வைத்து வேகவைத்து, மேலே உருக்கிய வெண்ணெயும் பாலாடையும் சர்க்கரையும் தூவிய ஐந்து பெரிய உருண்டைகள். பூரணக் கொழுக்கட்டையை மதியச் சாப்பாடாகத் தட்டு நிறைய வைத்தால் எப்படியிருக்கும், அதுதான். சுற்றி எல்லாரும் அதைச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனார்கள். எனக்கு ஊறுகாய் தேவைப்பட்டது.

மல்லித்தழை, பச்சை மிளகாய், பாகற்காய், இஞ்சிக்கு வியட்நாமியர் கடைகள்தான் கதி. சோசலிசக் காலத்து ஒப்பந்தங்களில் வேலைக்கும் பயிற்சிக்கும் வந்தவர்கள் வழியாக வேர்விட்ட சமூகம் அது. தெருமுனைப் பலசரக்குக் கடை பெரும்பாலும் அவர்களுடையதாகவே இருக்கும். பண்டிகை நாளில் அவர்கள் அருமை தெரியும். 200 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் சில விடுமுறை நாட்களில் சட்டப்படி மூட வேண்டும். செப்டம்பர் 28 அப்படி ஒரு நாள். ஒரு வருடம் அன்று வீட்டில் பால் இல்லை, ஊரே இழுத்துப் பூட்டிக் கிடக்கிறது. முனைக்கடை அக்கா மட்டும் திறந்து வைத்திருந்தார். அவருக்கும் ஆங்கிலம் வராது, எனக்கு வியட்நாமிய மொழி வராது. இரண்டு ஆசியர்கள் நடு ஐரோப்பிய மொழியைத் துண்டு துண்டாக உடைத்துப் பால் வாங்கி விற்றோம். என் செக்கைத் திருத்தாமல் கேட்டுக்கொண்ட முதல் ஆள் அவர்தான். தினமும் எதையாவது வாங்கும் சாக்கில் போய்ப் போய்த்தான் எனக்குப் பேச்சு வந்தது. மொழி வகுப்புக்குக் கொடுத்த பணத்தைவிட அந்தக் கடையில் கொடுத்தது உருப்படி.

இட்லி மாவு குளிர்காலத்தில் புளிக்காதே என்று கவலைப்பட வேண்டாம். ஹீட்டர் மேல் பாத்திரத்தை வைத்துத் துண்டைப் போர்த்திவிட்டால் காலையில் பொங்கி நிற்கும். ஆனால் அரைக்கும் நேரம் முக்கியம். இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம், அதில் விளையாட்டே கிடையாது. எங்களுடையது பழைய காங்கிரீட் பலகை அடுக்குமாடி, ஒரு வீட்டில் தும்மினால் மேல்வீட்டில் கேட்கும். ஒரு நாள் பத்தரை மணிக்கு மிக்ஸியை ஓட்டினேன். காலையில் லிஃப்டில் ஒரு காகிதம், பெயர் போடாமல், மிகப் பணிவான செக்கில். மொழிபெயர்த்துப் பார்த்தேன்: ‘துளையிடும் வேலையைத் தயவுசெய்து பகலில் செய்யவும்.’ யார் எழுதியது என்று இன்றுவரை தெரியாது. லிஃப்டில் ‘தோப்ரி தென்’ சொல்லும் ஒவ்வொருவர் முகத்தையும் கொஞ்ச நாள் துப்பறிந்தேன். இப்போது சனிக்கிழமை காலையில்தான் அரைப்பது.

குளிர் தாங்கும், இருட்டுத்தான் தாங்காது. டிசம்பரில் மாலை 4 மணிக்கே பொழுது போய்விடும். நீங்கள் ஜனவரியில் வருவதால் மோசமானதை முதலிலேயே பார்த்துவிடுவீர்கள், ஒரு வகையில் நல்லது. வந்த புதிதில் பெட்ரோவ் குன்றின் தேவாலய மணி உங்களைக் குழப்பலாம், காலை 11 மணிக்கே நண்பகல் மணி அடிப்பார்கள். 1645இல் ஸ்வீடன் படை ஊரை முற்றுகையிட்டபோது, நண்பகலுக்குள் பிடிக்காவிட்டால் திரும்பிவிடுவேன் என்று தளபதி சொன்னாராம். உள்ளூர்க்காரர்கள் ஒரு மணி நேரம் முன்பே மணியை அடித்து ஏமாற்றினார்கள் என்பது கதை. இந்த ஊர்க்காரர்களின் நகைச்சுவை அப்படிப்பட்டது, முகத்தில் தெரியாது.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விசாவில் வந்து இறங்கி 3 வேலை நாட்களுக்குள் உள்துறை அமைச்சக அலுவலகத்தில் தலைகாட்ட வேண்டும். குடியிருப்பு அட்டை கிடைத்த ஒரு வருடத்துக்குள் நம்மைப் போல் வேலைக்கு வருபவர்கள் அறிமுக வகுப்பு ஒன்றில் உட்கார வேண்டும், அதற்கு மொழிபெயர்ப்பாளர் இருப்பார். 5 வருடம் கழித்து நிரந்தரக் குடியிருப்பு அனுமதி கேட்டால் செக் மொழித் தேர்வு உண்டு, முன்பு ஆரம்பப் படியான ஏ1, 2021 முதல் அதற்கு அடுத்த ஏ2 நிலை. அலுவலகங்களின் மொழி செக்தான், செக் தெரிந்த நண்பர் யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். தேர்வு வரட்டும், அப்புறம் படிக்கலாம் என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். நான் விட்டேன், கடைசி ஆறு மாதம் மகளிடம் திட்டு வாங்கிப் படித்தேன்.

வரும்போது நல்ல ஒட்டுநாடா ஒன்றும் கறுப்பு மார்க்கரும் கைப்பையிலேயே இருக்கட்டும். வீட்டுச் சாவி வாங்கிய அன்றே அஞ்சல் பெட்டியிலும் அழைப்பு மணியிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எல்லார் பெயரையும் ஒட்டிவிடுங்கள், குழந்தை பெயர் உட்பட. எத்தனை குடும்பம் என்று யாராவது கேட்டால் எனக்கு எழுதுங்கள், அந்தச் சொற்பொழிவு இப்போது மனப்பாடம்.