வளைக்கும்போது பட்டி சுருங்குவது ஏன்?

கேள்வி: என் தந்தையாரின் பழைய அம்பாசடர் காரில், கதவின் உட்புற வளைவுக்குப் புதிய அலுமினியப் பட்டி செய்கிறேன். வளைக்கும்போது உள்விளிம்பு சுருங்கி மடிகிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், தக்கலை

பதில்: வளைக்கும்போது வெளிவிளிம்பு நீள்கிறது, உள்விளிம்பு நெருங்குகிறது, அந்த நெருக்கத்தைத் தாங்காத மெல்லிய தகடுதான் மடிகிறது. தட்டத் தட்ட அலுமினியம் விறைத்துப்போகும் என்பதால் முதலில் அதை இளக்க வேண்டும். பட்டியின் மேல் சலவை சோப்பைத் தேய்த்து, காஸ் சுடரை ஓரிடத்தில் நிறுத்தாமல் ஓட்டுங்கள். சோப்பு கரும்பழுப்பாக மாறியதும் சுடரை விலக்கிவிடுங்கள். இரும்பைப்போல் சிவக்கட்டும் என்று காத்திருந்தால், 660 டிகிரி செல்சியஸில் அலுமினியம் உருகியே விடும்.

ஆறிய பின், நம் ஊர் மரக்கடைகளில் கிடைக்கும் அயினிப் பலகையில் வளைவை அறுத்து அச்சாக்குங்கள். கையை எடுத்ததும் பட்டி சற்று விரியும் என்பதால், அச்சின் வளைவு தேவையானதைவிடக் கொஞ்சம் இறுக்கமாக இருக்கட்டும். பட்டியை அச்சோடு பிடித்து, சிறிது சிறிதாக வளைத்து, சுருக்கம் எழும்பும்போதே மரச்சுத்தியலால் மெல்லத் தட்டி அமர்த்துங்கள். அது மடிந்துவிட்டால் தழும்பு போகாது. மறுபடி விறைத்தால் மறுபடி இளக்குங்கள், இதில் அவசரம் கூடாது.

பொருத்தும்போது இரும்புத் திருகாணி வேண்டவே வேண்டாம். உப்புக் காற்றில் அதைச் சுற்றியுள்ள அலுமினியம்தான் முதலில் அரிக்கும்.