தாத்தாவுக்குப் பீச்சாங்கையா?

கேள்வி: என் தாத்தா பின்னி மில் தொழிலாளி. லீவு நாளில் வாட்டர்கலரில் படம் போடுவார். டிரங்குப் பெட்டியில் கிடைத்த ஒரு படத்தில், அரைக்கைச் சட்டை போட்ட ஒருவர் ஜன்னலோரம் உட்கார்ந்து வரைகிறார். கீழே தாத்தாவின் கையெழுத்து, 1968. முகமும் தாத்தா ஜாடைதான். ஆனால் பிரஷ் இடது கையில். தாத்தா வலது கைக்காரர். அப்படியானால் அது யார்? அவர் முன்னாலிருக்கும் தாளும் வெறுமையாக இருக்கிறது. முடிக்காமல் விட்ட படமா?
- வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: நீங்கள் அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பிரஷ்ஷை விடுங்கள் அம்மா, சட்டையைப் பாருங்கள். ஆண்கள் சட்டையில் பை இடது மார்பில் இருக்கும். இவருக்கு வலது மார்பில் இருக்கிறது. பொத்தான் பட்டியும் மாறி மூடியிருக்கிறது. டெய்லர் மேல் தப்பில்லை. தாத்தா கண்ணாடியில் தன்னைப் பார்த்து வரைந்திருக்கிறார். அதனால்தான் கண்கள் தாளில் இல்லாமல் நேரே நம்மைப் பார்க்கின்றன. அவ்வளவு பெரிய கண்ணாடிக்கு எங்கே போனார் என்றால், பீரோ கதவு இருக்கிறதே!

டச்சு ஓவிய மேதை ரெம்ப்ராண்டுக்கே இது நடந்திருக்கிறது. லண்டன் கென்வுட் மாளிகையில் இருக்கும், 1665 வாக்கில் அவர் தன்னையே வரைந்த படத்தை எக்ஸ்ரே எடுத்தபோது, முதலில் கண்ணாடியில் தெரிந்தபடி வரைந்துவிட்டுப் பிறகு கை மாற்றியிருப்பது தெரிந்தது. அது எண்ணெய் வண்ணம், மேலே பூசி மறைக்கலாம். வாட்டர்கலரில் அந்த வசதி கிடையாது. ராயபுரத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்தபோது நானும் இப்படி ஒன்று போட்டு வீட்டில் காட்டினேன். "எப்போதிலிருந்து உங்களுக்குப் பீச்சாங்கை?" என்றாள்.

அப்புறம் அந்த வெறும் தாள். வாட்டர்கலரில் பெரும்பாலும் வெள்ளையைப் பூசுவதில்லை, தாளின் வெள்ளையையே விட்டுவைப்போம். மேசையின் பழுப்பு நிறம் அந்தத் தாளின் ஓரம் வரை வந்து, பிசிறில்லாமல் நிற்கிறது பாருங்கள். பாதியில் எழுந்து போகிறவர் இவ்வளவு கவனமாக ஓரம் கட்டமாட்டார். படத்திலேயே பளிச்சென்று தெரியும் இடம் அதுதான், வேண்டுமென்றே விட்டது.

அவசரப்பட்டது வேறு இடத்தில். ஜன்னலுக்கு மேலே காலிஃப்ளவர் மாதிரி ஒரு கறை இருக்கிறதல்லவா? முதல் பூச்சு முழுதாகக் காய்வதற்குள் ஈர பிரஷ்ஷை வைத்தால் அப்படித்தான் பூக்கும். நம் பக்கத்துக் கடற்காற்றில் தாள் லேசில் காயாது, மனுஷர் பொறுக்கவில்லை.

ஃபிரேம் போடும்போது கண்ணாடி தாளில் ஒட்டாதபடி நடுவில், படத்தின் ஓரத்தைச் சுற்றி அட்டை வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். வெயில் படும் சுவரும் வேண்டாம். அதற்கு முன்னால் தாளைத் திருப்பிப் பார்த்தீர்களா? நல்ல தாள் விலைக்குப் பயந்து இரண்டு பக்கமும் போடுகிறவர்கள் உண்டு.