வரலாற்று வியூக விளையாட்டில் கடலில் இருந்து கரையிறங்கும் படைகளை எப்படி வடிவமைப்பது?

இந்தியப் பெருங்கடலை வைத்து டர்ன் முறையில் (ஆட்டக்காரர் மாறி மாறி நகர்த்தும் முறை) ஒரு வியூக விளையாட்டு செய்கிறீர்கள். கடலில் இருந்து இறங்கித் தாக்கும் படைக்குத் தனி யூனிட் (படைப்பிரிவு) வேண்டும், அதற்கு எத்தனை சதவீதம் தாக்குதல் போனஸ் கொடுத்தால் பேலன்ஸ் சரியாக வரும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

போனஸே கொடுக்காதீர்கள் என்பதுதான் என் பதில். கொடுத்துப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

நானும் இரண்டு நண்பர்களும் கொழும்பு வெள்ளவத்தையில் ஓர் அறையில் இருந்துகொண்டு மூன்று வருடமாக இரவுகளில் இதே மாதிரி ஒரு கேம் செய்து வருகிறோம். காலம் 900 முதல் 1800 வரை. வரைபடத்தில் இலங்கை, தென்னிந்தியா, சுமாத்திரா. முதல் வடிவத்தில் 'கடற்சேனை' என்று ஒரு யூனிட் இருந்தது. கடலில் இருந்து தாக்கினால் 40 சதவீதம் கூடுதல் பலம். யாழ்ப்பாணத்து நண்பன் ஒருவன் விளையாடிப் பார்க்க வந்தான். மூன்றாவது டர்னிலேயே, ஜூன் மாதத்தில், கொழும்புக் கோட்டைக்கு நேர் முன்னால் எட்டு யூனிட்டை இறக்கிக் கோட்டையைப் பிடித்துவிட்டான். பிறகு எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தான். "மச்சான், உந்தக் கடலைப் பார். உதுக்குள்ளயோ நான் இப்ப ஆயிரம் பேரை இறக்கினனான்?" என்று கேட்டான். வெளியிலும் ஜூன் மாதம்தான். கற்களில் மோதிய அலை ரயில் தண்டவாளம் வரை தெறித்துக்கொண்டிருந்தது.

அந்த இரவுக்குப் பிறகு யூனிட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கரையைப் படிக்கத் தொடங்கினோம். கரையிறக்கம் என்பது ஒரு வகைச் சிப்பாயின் திறமை என்று நினைத்ததுதான் எங்கள் பிழை. அது சில மணி நேரம் நீடிக்கும் ஒரு நிலைமை. எந்தப் படையும் அதற்குள் சிக்கும். அந்த நேரத்தில் அதற்கு அணி கிடையாது, பின்வாங்க இடம் கிடையாது, பாதிப் பேர் இன்னும் படகில் இருப்பார்கள்.

முதலில் காற்று. 1875 இல் அடிக்கல் நாட்டிய அலைதடுப்பு 1885 இல் முடியும் வரைக்கும் கொழும்பு தென்மேல் பருவக்காற்றுக்குத் திறந்தே கிடந்தது. அதுவரை பெரிய கப்பல்கள் தெற்கே இருக்கும் காலித் துறைமுகத்தையே நம்பியிருந்தன. இதை மனதில் வைத்துக்கொண்டு ஆங்கிலேயர் இலங்கையின் கரையோரத்தைப் பிடித்த தேதிகளைப் பாருங்கள். திருகோணமலைக்கு அவர்கள் வந்தது 1795 ஓகஸ்ட். கொழும்பைப் பிடிக்க நீர்கொழும்பில் இறங்கியது 1796 பெப்ரவரி. தென்மேல் காற்றுக் காலத்தில் கிழக்குக் கரை, வடகீழ் காற்றுக் காலத்தில் மேற்குக் கரை. அப்படியிருந்தும் திருகோணமலையில் டயோமீட் என்ற போர்க்கப்பல் பாறையில் மோதி மூழ்கியது. இப்போது எங்கள் கேமில் ஒவ்வொரு கரைக் கட்டத்துக்கும் ஒரு காற்று நாட்காட்டி உண்டு. தென்மேல் காற்றுக்குச் சோளகம், வடகீழ் காற்றுக்கு வாடை என்றே பெயர் வைத்திருக்கிறோம். சோளகம் வீசும் மாதங்களில் மேற்குக் கரையில் இறங்க முயன்றால் படகுகளில் ஒரு பங்கு கவிழும். மீதிப் பேர் ஆயுதத்தைத் தொலைத்துவிட்டுக் கரையேறுவார்கள்.

இன்னொன்றையும் அந்தத் தேதிகள் சொல்லித்தந்தன. 1796 இல் யாரும் கோட்டைச் சுவருக்கு முன்னால் இறங்கவில்லை. காவல் இல்லாத நீர்கொழும்பில் இறங்கித் தெற்கே நடந்து வந்தார்கள். அதற்கு முன் 1655 இல் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) களுத்துறையை முதலில் பிடித்து, அங்கிருந்து வடக்கே வந்து கொழும்பைச் சூழ்ந்தார்கள். முற்றுகை 1656 மே வரை நீண்டது. ஆகவே உங்கள் வரைபடத்தில் கோட்டைக் கட்டத்தை விட, அதிலிருந்து ஒரு நாள், இரண்டு நாள் நடைத் தூரத்தில் இருக்கும் வெறும் மணற்கரைகளே முக்கியம். அவற்றைக் கவனமாக வரையுங்கள். நாங்கள் ஆறு மாதம் செலவழித்தது கோட்டைகளின் படங்களுக்கு. அந்த நேரத்தைக் கரைகளுக்குக் கொடுத்திருக்க வேண்டும்.

அடுத்தது ஆழம். இதை எனக்குப் புரியவைத்தவர் முகத்துவாரத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர். களனி கங்கை கடலில் சேரும் இடத்தில் ஏன் படகுகள் சுற்றிப் போகின்றன என்று கேட்டேன். "தம்பி, அலையைப் பார்க்காதீங்க, அடியைப் பாருங்க. அடி எப்பிடியோ அலையும் அப்பிடித்தான்" என்றார். அறைக்குத் திரும்பி அன்றிரவே இரண்டு எண்களைச் சேர்த்தோம்: ஒவ்வொரு கலமும் நீருக்குள் எவ்வளவு அமிழ்ந்து நிற்கிறது, ஒவ்வொரு கரைக் கட்டத்திலும் அடி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது. இந்த இரண்டின் கழித்தல் போதும், கேம் தானாகவே வரலாறு பேசத் தொடங்கிவிடும்.

ஜூலியஸ் சீசர் கி.மு. 55 இல் பிரித்தானியாவில் இறங்கியதை எடுத்துக்கொள்ளுங்கள். கப்பல்கள் ஆழம் அதிகம் வேண்டுபவை, கரை வரை வர முடியவில்லை. கவசம் சுமந்த வீரர்கள் ஆழமான தண்ணீரில் குதிக்கத் தயங்கினார்கள். குதிரைப்படையை ஏற்றிய 18 கப்பல்கள் புயலில் சிக்கி வந்து சேரவே இல்லை. பௌர்ணமி ஓதம் (கடலேற்றம்) ஏறி, நங்கூரமிட்டிருந்த கப்பல்களையும் கரையில் இழுத்து வைத்திருந்தவற்றையும் நொறுக்கியது. மத்தியதரைக் கடலில் பழகியவர்களுக்கு அப்படி ஓர் ஓதம் பழக்கமில்லை. மறு வருடப் படையெடுப்புக்கு அவர் கட்டுவித்த கப்பல்கள் தாழ்வானவை, அகலமானவை, கரையில் இழுத்து ஏற்ற வசதியானவை. கேமில் 'மேம்படுத்தல்' என்று நாம் தேடுவது இதைத்தான். சிப்பாய் அதே சிப்பாய். மாறியது கப்பலின் அடி. (இலங்கைக் கரையில் ஓதம் ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆகவே எங்கள் வரைபடத்தில் ஓதத்தை விட்டுவிட்டோம். நீங்கள் ஆங்கிலக் கால்வாயைச் சேர்த்தால் விடமுடியாது.)

நம் பக்கத்திலேயே இதைவிட அழகான எடுத்துக்காட்டு உண்டு. சென்னைக் கரையில் துறைமுகம் கட்டும் முன்பு ஐரோப்பியக் கப்பல்கள் வெளிக்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். ஆளையும் சரக்கையும் மசூலாப் படகுகள்தான் அலையைத் தாண்டிக் கொண்டுவரும். ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்த பலகைகள். அலை அடிக்கும்போது உடல் வளைந்து கொடுக்கும். ஐரோப்பியக் கப்பற்படகு அதே அலையில் உடைந்துபோகும். எனவே சோழமண்டலக் கரையில் இறங்க நினைக்கும் அந்நிய ஆட்டக்காரர் உள்ளூர்ப் படகோட்டிகளின் நட்பைச் சம்பாதிக்க வேண்டும் என்று விதி வைத்தோம். நான் வடிவமைத்ததில் எனக்கு மிகப் பிடித்த விதி இது. பாக்குக் கடலிலும் இதே கதைதான்: பெரிய கப்பல்கள் நுழையப் பயப்படும் ஆழமற்ற நீரில் தோணியும் வத்தையும் ராஜாவாகிவிடும்.

இனி யூனிட். நாங்கள் பலத்துக்குப் பக்கத்தில் 'ஒழுங்கு' என்று இன்னொரு எண் வைத்தோம். படகுக்கு மாறும்போது அது விழும், கரையைத் தொடும்போது இன்னும் விழும், கரையில் நின்று அணிவகுத்தால் டர்னுக்கு டர்ன் ஏறும். சாதாரணக் காலாட்படை 100 இல் இருந்து 30 க்கு இறங்கி, மீள மூன்று டர்ன் எடுக்கும். பழகிய கடற்சேனை 60 இல் நிற்கும், ஒரே டர்னில் மீளும். தாக்கும் பலம் இருவருக்கும் ஒன்றுதான். எதிரி அந்த இடைவெளிக்குள் வந்தானா இல்லையா என்பதே சண்டையைத் தீர்மானிக்கும்.

குதிரை தனிக் கணக்கு. ஒரு குதிரைக்கு நாளொன்றுக்கு 30 லீட்டர் தண்ணீர் என்று வையுங்கள். 300 குதிரைக்கு 9,000 லீட்டர். பத்து நாள் பயணம் என்றால் கப்பலில் வேறு எதற்கு இடம் இருக்கும்? அதேசமயம் 1203 இல் வெனிஸ் நகரத்தார் பக்கக் கதவு வைத்த கலங்களில் குதிரை வீரர்களைக் கொண்டுவந்து கொன்ஸ்தாந்திநோப்பிள் கரையில் நேரடியாக இறக்கினார்கள். அப்படிக் கதவுள்ள கலத்தை விலை உயர்ந்ததாக வைத்தால் ஆட்டக்காரர் யோசிப்பார். யானையை நாங்கள் இறங்குதுறை உள்ள கட்டத்தில் மட்டும் ஏற்றி இறக்க விடுகிறோம். ஊர்காவற்றுறையில் இருந்து யானை ஏற்றுமதியான காலத்தை நினைத்து வைத்த விதி.

விட்டுவந்த கப்பல்களை மறக்காதீர்கள். கொழும்பு அருங்காட்சியகத்தில் சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழியில் செதுக்கிய, காலியில் கிடைத்த கல் ஒன்று இருக்கிறது. செங் ஹோ என்ற சீனக் கடற்தளபதியின் கல். அவர் இங்கே அழகக்கோனார் என்ற இலங்கை ஆட்சியாளரோடு மோதினார். அழகக்கோனாரின் படை கப்பல்களைக் கைப்பற்றப் போனபோது, செங் ஹோ சுமார் 2,000 பேரோடு தலைநகரைப் பிடித்தார் என்று சீன ஆவணங்கள் சொல்கின்றன. கப்பல்களுக்குக் காவல் வைப்பதா, எல்லோரையும் உள்ளே கொண்டுபோவதா? இந்தத் தேர்வு உங்கள் கேமில் இல்லையென்றால் கரையிறக்கத்துக்குப் பாதி உயிர் இல்லை.

சோழரைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். சுமாத்திராவின் ஸ்ரீவிஜயம் மீது இராசேந்திரன் 1025 இல் நடத்திய படையெடுப்பை அவனது மெய்க்கீர்த்தி (கல்வெட்டின் புகழ்ப் பகுதி) 'அலைகடல் நடுவுள் பலகலஞ் செலுத்தி' என்று தொடங்கி, ஊர் ஊராக அடுக்கிக்கொண்டு போகிறது. அரசனைப் பிடித்தது, பொருளைக் கவர்ந்தது, வித்தியாதர தோரணத்தை எடுத்தது எல்லாம் வரும். ஆனால் அங்கே நிலையான ஆட்சி அமைக்கவில்லை. இலங்கையில் மாதோட்டத்தை இராசராசபுரம் ஆக்கி, பொலன்னறுவையில் இருந்து 1070 வரை ஆண்டார்கள். ஒரே அரசு, இரண்டு வகைக் கடற்போர். ஆகவே 'சூறை', 'குடியமர்வு' என்று கட்டளையை இரண்டாகப் பிரியுங்கள். சூறையில் படை குறிப்பிட்ட டர்னுக்குள் கப்பலுக்குத் திரும்ப வேண்டும். குடியமர்வுக்குத் தொடர்ந்து தானியம் வந்து இறங்க ஒரு துறை வேண்டும்.

போன மாதம் அதே யாழ்ப்பாணத்து நண்பன் மறுபடி வந்து விளையாடினான். ஜூனில் படை தயாராக இருந்தது, ஆனாலும் கொழும்பை அவன் தொடவில்லை. கப்பல்களைக் கிழக்குக் கரைக்குக் கொண்டுபோய், தண்ணீரும் தானியமும் ஏற்றி, ஐந்து டர்ன் சும்மா இருந்தான். வாடை வந்த டர்னில் நீர்கொழும்பில் ஒரு யூனிட்டை மட்டும் இறக்கிவிட்டு, பக்கத்தில் இருந்த என்னிடம் திரும்பி, "களனி ஆத்தைக் கடக்க எத்தனை டர்ன் எடுக்கும்?" என்று கேட்டான்.