கூரைக்குக் கீழே இடம் காட்டுமா சிக்னல்?

கேள்வி: ரப்பர் ஷீட் அடுக்கும் கிட்டங்கியில் இடம் அறிய நான்கு ப்ளூடூத் பீக்கன் (தன் அடையாளத்தை விட்டுவிட்டு ஒலிபரப்பும் சிறு கருவி) மாட்டியிருக்கிறோம். தள்ளுவண்டியில் வைத்த போன், அசையாமல் நிற்கும்போதே ஒருமுறை 4 மீட்டர், மறுமுறை 11 மீட்டர் என்கிறது. பீக்கன் மட்டமா?
– வாசகர், குலசேகரம்

பதில்: பீக்கன்மேல் பழி போடாதீர்கள். சிக்னலின் வலுவை வைத்துத் தூரம் கணிப்பதே ஆபத்தான வேலை. 1 மீட்டரில் -59 டிபிஎம் (சிக்னல் வலுவின் டெசிபல் அளவு) வரும் பீக்கன், திறந்தவெளிக் கணக்கில் -75 காட்டினால் தூரம் 6.3 மீட்டர். குறுக்கே ஓர் ஆள் நின்று 6 டெசிபல் குறைந்தால் 12.6 என்று சொல்லும். பக்கத்தில் இருந்தால் அதே 6 டெசிபல் 1 மீட்டரை 2 ஆக்குவதோடு சரி. அதனால் தொலைவிலுள்ள பீக்கனின் சொல்லுக்கு மதிப்பைக் குறையுங்கள்.

ஆளே இல்லாதபோதும் தாவுகிறதே என்பீர்கள். அது தகரக் கூரையும் இரும்பு ரேக்கும் செய்யும் வேலை. நேரே வரும் அலையும் பட்டுத் திரும்பும் அலையும் சில இடங்களில் கூடும், சில இடங்களில் ஒன்றையொன்று அழிக்கும். அலைநீளமே சுமார் 12 செ.மீ.தான், ஐந்தாறு செ.மீ. நகர்ந்தாலே நிலைமை மாறிவிடும். போதாக்குறைக்கு, பீக்கன் 2402, 2426, 2480 மெகாஹெர்ட்ஸ் என்று மூன்று சேனல்களில் மாறி மாறிக் கூவுகிறது. மூன்றிலும் இந்தக் கூட்டல் கழித்தல் வெவ்வேறு. எந்தச் சேனலில் கேட்டது என்பதைப் போன் ஆப்புக்குச் சொல்வதில்லை.

பீக்கனை ரேக் இரும்பில் ஒட்டாமல் 2.5 மீட்டர் உயரத்தில் சுவரில் மாட்டுங்கள். ஒளிபரப்பு இடைவெளி 1 நொடி என்றிருந்தால் 300 மில்லிநொடியாக்குங்கள். பேட்டரி அதற்கேற்பச் சீக்கிரம் தீரும். 2 நொடியில் கிடைக்கும் அளவுகளைச் சராசரி எடுக்காமல், வரிசைப்படுத்தி நடு எண்ணை எடுங்கள். ஒரே ஒரு பள்ளம் சராசரியை இழுத்துவிடும், நடு எண்ணை அசைக்காது. பிறகு உங்கள் கிட்டங்கியிலேயே 1, 2, 4, 8 மீட்டரில் அளந்து, தூரம் கூடக்கூட சிக்னல் குறையும் வேகத்தைக் கண்டுபிடியுங்கள். திறந்தவெளியில் 2 என்று எடுக்கும் அந்த வேகத்தின் அடுக்கு எண் 3 என்று வந்தால், அதே -75க்கு 3.4 மீட்டர்தான்.

இவ்வளவு செய்தும் இரண்டு மூன்று மீட்டர் பிழை நிற்கும். ‘எத்தனை மீட்டர்’ என்பதை விட்டு ‘எந்த வரிசை’ என்று மட்டும் கேளுங்கள். ப்ளூடூத் அதற்குப் போதும்.

கேள்வி: அல்ட்ரா வைட்பேண்ட் (ரேடியோ அலை போய்வரும் நேரத்தால் தூரம் அளக்கும் முறை) போர்டு இரண்டு வாங்கினேன். தூரம் எப்போதும் கூடுதலாகவே வருகிறது. தூணுக்குப் பின்னால் இன்னும் மோசம்.
– பொறியியல் மாணவி, தக்கலை

பதில்: இங்கே அளப்பது நேரத்தை, 1 நானோநொடி பிசகினால் 30 செ.மீ. போய்விடும். முதலில் ஆன்டெனா தாமதத்தை (சிப்புக்கும் ஆன்டெனாவுக்கும் இடையே சிக்னல் எடுக்கும் நேரத்தை) சரிசெய்யுங்கள்: போர்டுகளை டேப் பிடித்து 5 மீட்டரில் நிறுத்தி, கூடுதலாக வருவதைத் தாமதத்தில் திருத்துங்கள். அடுத்து, ஒருபக்கக் கேள்வி–பதில் முறையில் (single-sided) இருக்கிறீர்களா என்று பாருங்கள். போர்டுகளின் கடிகாரமான இரு கிரிஸ்டல்களுக்கும் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு) வித்தியாசம், பதிலுக்கு 1 மில்லிநொடி தாமதம் என்றால் 1.5 மீட்டர் பிழை. இருபக்க முறைக்கு (double-sided) மாறினால் இது பெரும்பாலும் அடிபட்டுப் போகும்.

தூண் விஷயம் வேறு. நேர்ப்பாதை மங்கி, சுற்றி வந்த அலையை சிப் முதல் அலையாக எண்ணிக்கொள்கிறது. இந்தப் பிழை கூடுதலாகவே வரும், குறையாது. எனவே எத்தனை முறை சராசரி எடுத்தாலும் தீராது. மொத்த வலுவுக்கும் முதல் அலையின் வலுவுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். DW1000 என்ற அல்ட்ரா வைட்பேண்ட் சிப்பில் 6 டெசிபலுக்குள் இருந்தால் நேர்ப்பாதை, 10ஐத் தாண்டினால் மறைவு என்பது நடைமுறைக் கணக்கு. மறைந்த அளவைத் தூக்கிப் போடலாம்.

கேள்வி: பத்மநாபபுரம் அரண்மனை மாதிரிப் பழைய கட்டிடத்தில், நிற்கும் அறைக்கேற்ப விளக்கம் ஒலிக்கச் செய்ய முடியுமா?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: முடியும். ஆனால் மரத்தடுப்பு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைக் கான்கிரீட் அளவுக்குத் தடுக்காது. அடுத்த அறை பீக்கனும் கேட்கும். பீக்கனின் சக்தியைக் குறைத்து, வாசலில் வைக்காமல் அறையின் நடுப்பக்கம் வையுங்கள். புது அறையின் சிக்னல் பழையதைவிட 6 டெசிபல் கூடுதலாக 3 நொடி நின்றால் மட்டும் விளக்கத்தை மாற்றுங்கள். இல்லையேல் வாசற்படியில் நிற்பவருக்கு இரண்டு கதையும் மாறி மாறி ஒலிக்கும். மேல்மாடியா கீழ்த்தளமா என்பதை, போனில் காற்றழுத்தமானி இருந்தால் அது சொல்லும்: 3 மீட்டர் ஏறினால் சுமார் 0.36 ஹெக்டோபாஸ்கல் குறையும். வானிலையாலும் அழுத்தம் மாறுவதால், நுழைவாயிலில் பூஜ்யமாக்கித் தொடங்குங்கள். ஆணி அடிக்கவோ பசை ஒட்டவோ நினைக்காதீர்கள். விளக்கப் பலகையின் அடியில் வைக்க, அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.