பானை ஓடுகளை வைத்து ஒரு பழங்கால மக்களின் இனத்தைச் சொல்ல முடியுமா?

ஓடு மட்டும் போதாது. பானை வணிகத்தின் வழியாகவும் ஊர் மாறும். இன்றைய இஸ்ரேல், காசா கடலோரத்தில் வாழ்ந்த, விவிலியத்தில் வரும் பெலிஸ்தரின் கதை இதற்குப் பொருத்தமானது. கி.மு. 12ஆம் நூற்றாண்டில் அஸ்கலோன், எக்ரோன் ஆகிய பெலிஸ்த நகரங்களில் ஏஜியன் (கிரேக்கத்தை ஒட்டிய கடற்பகுதி) பாணியில் வண்ணம் தீட்டிய பாண்டங்கள் பெருகுகின்றன. ஆனால் அவை பெரும்பாலும் உள்ளூர்க் களிமண்ணில் வனையப்பட்டவை என்பதால், கப்பலில் வந்திறங்கிய சரக்கு என்று ஒதுக்கிவிட முடியாது.

அதைவிட வலுவான சான்றாக நான் கருதுவது, யாரும் விலை கொடுத்து வாங்கியிருக்க முடியாத ஓர் அற்பப் பொருளை: உள்ளங்கையில் அடங்கும், துளையில்லாத, இடை சற்றே ஒடுங்கிய, சுடாத களிமண் உருளை. தறியில் பாவு நூலை இழுத்துப் பிடிக்கத் தொங்கவிட்ட எடை அது; அப்பகுதியில் முன்பே வாழ்ந்த கானானியரின் எடைகளிலோ துளை இருந்தது. பெலிஸ்த நகரங்களில் மிகுதியாகக் கிடைக்கும் பன்றி எலும்புகளையும் சான்றாகக் காட்டுவார்கள். ஆனால் பெலிஸ்தரின் சிற்றூர்களில் அவை குறைவு.

2019இல் வெளியான மரபணு ஆய்வு, அஸ்கலோன் வீட்டுத் தரைகளின் கீழ்ப் புதைக்கப்பட்ட குழந்தைகளிடம் தென் ஐரோப்பியத் தொடர்பைக் கண்டது. சில தலைமுறைகளுக்குள் அச்சுவடு கரைந்துவிட்டது. ஆயினும் கி.மு. 7ஆம் நூற்றாண்டில் எக்ரோன் மன்னன் செமித்திய மொழியில் (எபிரேயம் சேர்ந்த மொழிக்குடும்பம்) பொறித்த கல்வெட்டில் அவன் பெயர் செமித்தியப் பெயரன்று; தமிழ் விவிலியத்தில் காத் என்னும் பெலிஸ்த நகரின் மன்னனுக்கு உள்ள ஆகீஸ் என்னும் அதே பெயர்தான்.