ஆற்றைத் தாண்டினால் போதாதா?

தம்பி, கென்டக்கி மாநிலத்துக் கோவிங்டனில் வீடு, எதிர்க்கரையில் ஒஹையோ மாநிலத்துச் சின்சினாட்டியில் வேலை, தினமும் பாலத்தில் ஒஹையோ ஆற்றைக் கடக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். தப்பி வந்த அடிமைகளைப் பற்றிக் கரையில் ஒரு பலகையைப் படித்துவிட்டு, "கென்டக்கியில்தானே அடிமைமுறை, எதிர்க்கரைக்கு வந்த பிறகும் ஏன் கனடாவரை ஓடினார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் வந்தபோது எனக்கும் இதே குழப்பம்தான்.

1850-ல் வந்த சட்டப்படி, தப்பியவரை அடிமைமுறை இல்லாத வட மாநிலத்திலும் பிடிக்கலாம். கனடாவில் அந்தச் சட்டம் செல்லாது. பிடிபட்டவர் வாயைத் திறந்து சாட்சி சொல்ல முடியாது, ஜூரியும் கிடையாது. விசாரிக்கும் கமிஷனருக்கு, திருப்பி அனுப்பினால் 10 டாலர், விடுவித்தால் 5 டாலர். அப்புறம் தீர்ப்பு எந்தப் பக்கம் சாயும்? ஒளித்து வைத்தவருக்கு 1,000 டாலர்வரை அபராதம், ஆறு மாதம்வரை சிறை. கென்டக்கி மண்ணில் மாட்டினால் இன்னும் மோசம். கால்வின் ஃபேர்பேங்க் என்ற பாதிரியார் இரண்டு தடவையாக சுமார் 17 வருஷம் அங்கே ஜெயிலில் கிடந்தார்.

மார்கரெட் கார்னர் என்ற அடிமைப் பெண் 1856 ஜனவரியில், உங்கள் கோவிங்டன் பக்கமிருந்துதான், உறைந்த ஆற்றின் மேல் குடும்பத்தோடு நடந்து வந்தார். சில மணி நேரத்தில், அவர்கள் ஒளிந்திருந்த வீட்டைப் பிடிக்க வந்தவர்கள் சுற்றி வளைத்துவிட்டார்கள். பிள்ளைகள் திரும்ப அந்த வாழ்க்கைக்குப் போகக் கூடாதென்று, இரண்டு வயது மகளைத் தன் கையாலேயே கொன்றார். அவருக்காகப் போராடியவர்கள், கொலை வழக்குப் போடுங்கள் என்று கேட்டார்கள்! அப்படியாவது ஒஹையோவில் இருப்பாரே என்றுதான். பலிக்கவில்லை, கென்டக்கிக்கே அனுப்பிவிட்டார்கள்.

நேரம் கிடைத்தால் ஒஹையோ பக்கத்து ஆற்றங்கரையில் இருக்கும் ரிப்ளிக்குப் போய் வாருங்கள், காரில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும். 1,800 டாலர் கட்டித் தன்னையே விலைக்கு வாங்கி விடுதலையான ஜான் பார்க்கரின் ஊர் அது. பகலில் ஃபவுண்டரியில் இரும்பு வார்க்கும் வேலை, ராத்திரியில் தப்பி வருபவர்களைப் படகில் ஏற்றி வரும் வேலை. ஒரு எஜமான், தன்னிடம் அடிமைகளாக இருந்த பெற்றோர் ஓடிவிடாமலிருக்க அவர்கள் குழந்தையைத் தன் கட்டில் கால்மாட்டில் படுக்கவைப்பானாம். பக்கத்து நாற்காலியில் மெழுகுவர்த்தியும் துப்பாக்கிகளும். பார்க்கர் இருட்டில் தவழ்ந்துபோய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி, மூவரையும் படகில் ஏற்றிவிட்டார்.

அங்கே குன்றின் மேல் பாதிரியார் ஜான் ராங்கின் வீடு இருக்கிறது. ஜன்னலில் அவர் வைத்த விளக்கு அக்கரைக்குத் தெரியுமாம். படிக்கட்டு செங்குத்து, என் அப்பா பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஊரிலிருந்து பெரியவர்கள் வந்தால் காரிலேயே மேலே கூட்டிப்போங்கள், ரோடு உண்டு.