கிசுமு போகும் முன் ஒரு கேள்வி: உங்களைக் கூப்பிட்டது யார்?

களியக்காவிளை பக்கம் படந்தாலுமூட்டிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறாள்: "அங்கிள், எங்கள் சபை யூத் டீம் பன்னிரண்டு பேர் ஏப்ரல் நடுவில் மூன்று வாரம் கென்யாவுக்கு மிஷன் டிரிப் போகிறோம். கிசுமு பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தப் போகிறோம். நான் பி.எட். முடித்திருக்கிறேன். சாப்பாடு எப்படி, பாதுகாப்பு எப்படி, எவ்வளவு செலவாகும், பிள்ளைகளுக்கு என்ன கிஃப்ட் வாங்கலாம்?"

மக்களே, 1998-இல் நானும் உன்னைப் போல ஒரு பெட்டியும் ஒரு பைபிளும் பி.எட். சர்டிபிகேட்டுமாகக் குழித்துறையிலிருந்து இதே கிசுமுவுக்கு வந்தவன். ஒரு வருஷம் என்று சொல்லி வந்தேன், இங்கேயே தங்கிவிட்டேன். உன் கேள்வியைப் படித்ததும் அந்த முதல் மாதங்கள் அப்படியே கண்முன் வந்துவிட்டன. சாப்பாடு, செலவு எல்லாம் கடைசியில் இரண்டு வரியில் சொல்கிறேன்.

முதலில் தேதி. கென்யாவில் பள்ளிக்கூட வருஷம் ஜனவரியில் தொடங்கும். மூன்று டேர்ம். முதல் டேர்ம் ஏப்ரல் தொடக்கத்தில் முடிந்துவிடும். அப்புறம் இரண்டு மூன்று வாரம் லீவு. நீங்கள் சொல்கிற ஏப்ரல் நடுப்பகுதியில் வகுப்பறையில் பெஞ்சு இருக்கும், பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். நம்ம ஊரில் கோடை விடுமுறை என்று கணக்குப் போட்டு டிக்கெட் எடுக்கிற டீம்கள் வருஷாவருஷம் இப்படி வந்து நிற்பதைப் பார்க்கிறேன். அப்போது என்ன நடக்கும் தெரியுமா? விருந்தாளி வந்துவிட்டார்களே என்று தலைமை ஆசிரியர் ஆள் அனுப்பி, வீட்டில் சோளக்காட்டு வேலையில் இருக்கிற பிள்ளைகளை யூனிஃபார்ம் போட்டு வரச் சொல்வார். மார்ச் முதல் மே வரை இங்கே பெரிய மழை. சேற்றில் நடந்து வந்து உட்கார்ந்திருக்கும் அந்தப் பிள்ளைகளை வைத்து நீங்கள் பாட்டுப் பாடுவீர்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

இதிலிருந்துதான் என் கேள்வி. உங்களைக் கூப்பிட்டது யார்? அந்தப் பள்ளிக்கூடம் "எங்களுக்குக் கணக்கு டீச்சர் வேண்டும்" என்று கேட்டதா, அல்லது உங்கள் சபை போவது என்று முடிவு செய்துவிட்டு ஒரு பள்ளிக்கூடத்தைத் தேடிப் பிடித்ததா?

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இது தெரியாத விஷயமில்லை. மிஷனரி ரிங்கல்தௌபே 1806-இல் மயிலாடிக்கு வந்தார் என்று சண்டே ஸ்கூலில் படித்திருப்பாய். அவர் தானாக வரவில்லை. மயிலாடிக்காரரான வேதமாணிக்கம் முதலில் தஞ்சாவூர் போய் ஞானஸ்நானம் பெற்று, எங்கள் ஊருக்கு ஒருவர் வேண்டும் என்று கேட்டுக் கேட்டுக் கூட்டிவந்தார். வந்தவரும் தரங்கம்பாடியில் உட்கார்ந்து தமிழ் படித்த பிறகுதான் வந்தார். பத்து வருஷம் இருந்தார். நெய்யூர் ஆஸ்பத்திரியில் வேலை செய்த இங்கிலாந்து டாக்டர் சாமர்வெல் 1922-இல் எவரெஸ்ட் ஏறப் போய்விட்டுத் திரும்பும் வழியில் நெய்யூரைப் பார்க்க வந்தவர். நோயாளிக் கூட்டத்தையும் ஒற்றை டாக்டரையும் பார்த்துவிட்டு, லண்டன் வேலையை வேண்டாம் என்று விட்டுவிட்டு நெய்யூருக்கே வந்து இருபது வருஷத்துக்கு மேல் இருந்தார். எங்கள் பாட்டிக்கு அவர் பெயர் வீட்டு ஆள் பெயர் மாதிரி. மூன்று வாரம் இருந்துவிட்டுப் போன யாருடைய பெயராவது நம்ம ஊரில் யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா?

இன்னொன்று. கென்யாவில் நூற்றுக்கு எண்பத்தைந்து பேர் கிறிஸ்தவர்கள். கிசுமுவுக்குப் பக்கத்தில் மாசேனோவில் மிஷனரிகள் 1906-இலேயே பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டார்கள். மயிலாடிக்குச் சரியாக நூறு வருஷம் கழித்து. ஞாயிறு ஆராதனை மூன்று மணி நேரம் போகும், வேத வசனம் பிள்ளைகளுக்கு மனப்பாடம். அவர்களுக்குச் சுவிசேஷம் கொண்டு போகிறோம் என்று பேனர் அடிக்காதீர்கள். பெரியவர்கள் மனசு நோகும். வெளியே சொல்ல மாட்டார்கள்.

இப்போது என் கதையைச் சொல்கிறேன். இதை நான் அதிகம் பேரிடம் சொன்னதில்லை.

நான் போன பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பைக் கொடுத்தார்கள். 64 பிள்ளைகள், மூன்று பேர் உட்கார வேண்டிய பெஞ்சில் ஐந்து பேர். சிமெண்டுச் சுவரில் கறுப்புப் பெயிண்ட் அடித்ததுதான் போர்டு. முதல் நாள் ஒரு கணக்கு எழுதினேன்: ஒரு வியாபாரி 240 தேங்காய் வாங்கினான், அதில் எட்டில் ஒரு பங்கு அழுகிவிட்டது, மீதி எத்தனை. பிள்ளைகள் ஒரு எழுத்து விடாமல் அழகாக நோட்டில் எழுதிக்கொண்டார்கள். ஒருவரும் கணக்குப் போடவில்லை. நான் இங்கிலீஷில் திரும்பத் திரும்பச் சொன்னேன், சத்தத்தைக் கூட்டிச் சொன்னேன். அப்படியே நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பின்னால் நின்ற ஒரு அம்மா முன்னால் வந்து என் கையிலிருந்த சாக்பீஸை வாங்கினார். தேங்காயை அழித்துவிட்டு ஓமேனா என்று எழுதினார். ஓமேனா என்றால் விக்டோரியா ஏரியில் பிடிக்கிற பொடி மீன். நம்ம நெத்திலி மாதிரிதான், கரையில் வலை விரித்துக் காயப்போடுவார்கள். சந்தையில் அதைக் கோரோகோரோ என்கிற தகர டப்பாவால் அளந்து விற்பார்கள். 240 கோரோகோரோ ஓமேனா, மழையில் எட்டில் ஒரு பங்கு கெட்டுவிட்டது. பிள்ளைகள் வீட்டில் பேசுகிற லுவோ மொழியில் இரண்டு வாக்கியம் சொன்னார். கை தூக்காத பிள்ளை இல்லை. தேங்காய் மரம் மொம்பாசா கடற்கரைப் பக்கம் உண்டு, ஏரிக்கரையில் அந்தப் பிள்ளைகள் பார்த்ததே இல்லை என்று எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

அந்த அம்மாதான் அந்த வகுப்பு டீச்சர். மறுவாரம் அவரைக் காணோம். லீவு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பாடத்தை நடத்தினேன். மூன்று மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை சந்தையில் அவரைப் பார்த்தேன். முன்னால் ஒரு சாக்கு விரித்து ஓமேனா குவித்து வைத்திருந்தார், கையில் அதே கோரோகோரோ. அவர் அரசாங்க டீச்சர் இல்லை. பெற்றோர் காசு போட்டுச் சம்பளம் கொடுத்து வைத்திருந்த டீச்சர். சம்பளம் வாங்காத ஒருவன் இந்தியாவிலிருந்து வந்துவிட்டான், இனி இவருக்கு எதற்குக் காசு என்று கமிட்டி நிறுத்திவிட்டது. அந்த டேர்ம் அவருடைய மூத்த மகனுக்கு செகண்டரி ஃபீஸ் கட்ட முடியாமல் பையன் வீட்டில் இருந்தான். என்னைப் பார்த்து அவர் கோபப்படவில்லை. "ஜாபுவோஞ்ச்" என்று கூப்பிட்டார். லுவோவில் டீச்சர் என்று அர்த்தம். ஒரு கைப்பிடி மீனை அதிகமாகப் போட்டுக் கொடுத்தார். நான் அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

கமிட்டியிடம் போய், அவரைத் திரும்பக் கூப்பிடாவிட்டால் நான் ஊருக்குப் போகிறேன் என்று சொன்னேன். அடுத்த டேர்ம் அவர் வந்தார். நான் அவர் வகுப்பில் பின்னால் உட்கார்ந்து நோட்டுத் திருத்தினேன், லுவோ படித்தேன். நான் ஆசிரியனானது அந்தப் பின்பெஞ்சில்தான். 2003 ஜனவரியில் அரசாங்கம் ஆரம்பப் பள்ளி ஃபீஸை எடுத்தபோது நாடு முழுக்கப் பத்து லட்சத்துக்கு மேல் பிள்ளைகள் புதிதாக வந்து சேர்ந்தார்கள். எங்கள் வகுப்பு நூறைத் தாண்டியது. அந்தக் கூட்டத்தை நாங்கள் இருவரும் சேர்ந்து சமாளித்தோம்.

ஆகவே போகும் முன் எழுதிக் கேள்: நாங்கள் எடுக்கிற பீரியடை இப்போது எடுப்பது யார்? அவர் சம்பளம் நிற்குமா? அவரோடு சேர்ந்து வேலை செய்யலாமா? நம்ம கேரள எல்லைப் பிள்ளைகளுக்கு மொழி விஷயம் சொல்லாமலே புரிய வேண்டும். வீட்டில் பாதி மலையாளம் கலந்த பேச்சு, பள்ளிக்கூடத்தில் புத்தகத் தமிழ், பாறசாலையில் பஸ் ஏறினால் மலையாள போர்டு. "ஞான்" என்று சொல்லி ஒன்றாம் வகுப்பில் அடி வாங்கியவன் நான். இங்கே பிள்ளைக்கு வீட்டில் லுவோ, சந்தையில் ஸ்வாஹிலி, நாலாம் வகுப்பிலிருந்து பாடம் இங்கிலீஷில். இதைப் புரிந்துகொள்ள நம்மைவிடத் தகுதியானவர் யார்?

நைரோபியில் நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இருபது வருஷம் இருந்தும் சமையல்காரரிடம் பேசுகிற நாலு ஸ்வாஹிலி வார்த்தைக்கு மேல் தெரியாது. "இவங்களுக்குச் சொல்லிக் கொடுத்தாலும் ஏறாது" என்பார்கள். எனக்கு அந்தப் பேச்சு பொறுக்காது. இருந்த இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுவேன். 2017-இல் கென்ய அரசு ஆசிய வம்சாவளியினரை நாட்டின் 44-ஆவது இனக்குழுவாக அறிவித்தது. இவ்வளவு பெரிய மனசோடு சேர்த்துக்கொண்டவர்களைப் பற்றிப் பேசுகிற பேச்சா அது? உங்கள் டீம் நைரோபியில் அந்த நம்மவர்கள் வீட்டில் இரண்டு நாள் தங்கும். அந்தப் பேச்சைக் காதில் வாங்கிக்கொண்டு கிசுமுவுக்கு வராதீர்கள்.

கிஃப்ட் வேண்டாம். பென்சிலும் மிட்டாயும் 12 பேர் அள்ளிக் கொடுத்துவிட்டுப் போனால், அடுத்த வாரம் எங்களிடம் பாடம் கேட்க வந்த பிள்ளை கையைத்தான் பார்க்கும். காசு இருந்தால் தலைமை ஆசிரியரிடம் கேட்டு, கிசுமு கடையிலேயே பாடப்புத்தகம் வாங்கி வகுப்புக்குக் கொடுங்கள். பிள்ளைகளைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடாதே. உன் தம்பியை ஒரு வெளிநாட்டுக்காரர் கிழிந்த சட்டையோடு படமெடுத்துப் போட்டால் உன் அம்மா சும்மா இருப்பாரா? தனியாக ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் இருக்கவும் கூடாது. பிரம்பைத் தொடாதே, 2001-லிருந்து இங்கே பள்ளியில் அடிக்கத் தடை.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டூரிஸ்ட்டாக வந்து பாடம் நடத்த முடியாது. சம்பளம் வாங்காவிட்டாலும் வேலை வேலைதான், அனுமதி வேண்டும். அழைக்கிற சபையே அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் புறப்பட பத்து நாளுக்கு முன்னாவது போட்டு அந்த மஞ்சள் கார்டைப் பத்திரமாக வை. அது இல்லாமல் திரும்பினால் நம்ம ஏர்போர்ட்டில் தனியாக அடைத்து வைப்பார்கள். ஏரிப் பக்கம் மலேரியா கடுமை. குளோரோகுயினை நம்பாதே, டாக்டரிடம் கேட்டுத் தடுப்பு மாத்திரை எடு, கொசுவலைக்குள் தூங்கு. ஊருக்குப் போன பிறகு காய்ச்சல் வந்தாலும் கென்யா போயிருந்தேன் என்று முதல் வார்த்தையாகச் சொல். சாப்பாட்டுக்குக் கவலையே வேண்டாம். உகாலி நம்ம களிதான். மரச்சீனியும் மீனும் இங்கேயும் உண்டு. செலவு உங்கள் டிக்கெட்டைப் பொறுத்தது.

அந்த அம்மா ஓய்வு பெற்றுவிட்டார். ஃபீஸ் கட்டாமல் வீட்டில் இருந்த பையன் இப்போது எல்டோரெட்டில் கணக்கு வாத்தியார். ஒவ்வொரு தடவை ஊருக்குப் போய் வரும்போதும் அவருக்கு ஒரு பாட்டில் மார்த்தாண்டம் தேன் கொண்டு வருவேன்; சாயாவில் விட்டுக் குடிப்பார். டேர்ம் திறந்த பிறகு, மே மாதத்தில் பயணத்தை வைக்க முடியுமா என்று உங்கள் பாஸ்டரிடம் கேட்டு எனக்கு எழுது. பன்னிரண்டு பேர் வேண்டாம், இரண்டு பேர், ஒரு டேர்ம் முழுக்க. உன்னை முதலில் அந்த அம்மா வீட்டுக்குத்தான் கூட்டிப் போவேன். வரும்போது தேனை நீ கொண்டு வா.